எண்பத்திரண்டு வயதுக் குழந்தை

அத்தியாயம் ஐந்து

மணி அடித்தது.

பள்ளிக்கூட மணி அல்ல. ஓட்டல் வரவேற்பு மேஜையில் தட்டிக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரிப் பித்தளை மணி. 'நாளைய உலகம்' கணினி அகாடமியில் எவர் திரையில் சிவப்பு எழுத்து வந்தாலும் புரொஃபசர் ஃபாபியான் ரிசோ அதைத் தட்டுவார். உடனே மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே அது சம்பிரதாயம்.

"மில்டன் டெச்சேரா! மறுபடியும் நீங்களா?"

"நான்தான் சார். வேற யாராவது மாட்டுவாங்களான்னு பார்த்தேன். யாரும் முன்வரல."

மில்டனுக்கு ஐம்பத்து நான்கு வயது. மொண்டெவீடியோ நகரத்தில் இருபது வருஷம் பஸ் ஓட்டியவன். துப்பறியும் சுல்மா பிடார்ட்டிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு பிணம் பார்த்திருக்கிறான், துப்பாக்கியும் பார்த்திருக்கிறான். அதற்கெல்லாம் வேர்க்காத உடம்பு, இரண்டு வாரமாக ஒரு விசைப்பலகைக்கு முன்னால் வேர்த்துக் கொட்டியது. வேலையில்லாத டிரைவர் என்று சொல்லி வகுப்பில் சேர்ந்து ரிசோவை வேவு பார்க்கச் சொன்னது சுல்மாதான். வேவு சுலபமாக இருந்தது. பாடம்தான் உயிரை வாங்கியது. அடைப்புக்குறி ஒன்று குறைந்தால் சிவப்பு. வரியை ஓர் இடம் தள்ளி ஆரம்பித்தால் சிவப்பு. டிராஃபிக் போலீஸ்கூட இத்தனை அற்பக் காரணங்களுக்கு அவன் வண்டியை நிறுத்தியதில்லை.

ரிசோ அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். முதலில் வந்தது சென்ட் வாசனைதான்.

"என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா சார்..."

"தப்பு மிஷின்ல இல்லை. நாற்காலியில உக்காந்திருக்கு." ரிசோ வகுப்பைப் பார்த்துப் புன்னகைத்தார். வகுப்பு கட்டணம் கட்டிய விசுவாசத்தோடு சிரித்தது. "பஸ்ஸுக்கு ஸ்டியரிங் போதும். இதுக்கு மூளை வேணும்."

சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். திரையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் அந்த மனிதர் ஒரு விசையைத் தொட்டு மில்டன் பார்த்ததில்லை.

பக்கத்து நாற்காலிப் பெண் சத்தமில்லாமல் சாய்ந்தாள். ஜுசாரா. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரேசிலில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே முடிதிருத்தும் கடை நடத்துகிறவள்.

"மூணாவது வரி அண்ணே. மேற்கோள் குறியைத் திறந்தீங்க, மூடல."

மில்டன் மூடினான். சிவப்பு மறைந்தது. திரை அவனுக்கு 'வணக்கம்' சொன்னது. அவனையறியாமல் முகம் மலர்ந்தது. ஒரு முழுக் காலைப்பொழுதின் உழைப்பு, ஒரு வணக்கம்!

மதியம் அவன் வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. எதிர்ப்புறக் கடையில் டோர்ட்டா பொரிக்கும் வாசனை. மழை வந்தால் ஊரே மாவைப் பிசைந்து எண்ணெயில் போட்டுவிடும். மூலை மேஜையில் சுல்மா பிடார்ட் அக்குளில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே என்னும் கசப்புப் பச்சிலைத் தேநீர்க் குடுவையுமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே மிர்த்தா சோசா.

சுல்மாவிடம் இந்த வழக்கைக் கொண்டுவந்தவளே மிர்த்தாதான். சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். கடையில் ஆளுக்குப் பதில் மிஷின் வைக்கப் போகிறார்கள் என்றதும், மிஷினுக்கு வேலை சொல்லக் கற்றுக்கொள்கிறேன் என்று அகாடமியில் சேர்ந்தாள். நாளைக் காலை அவள் அரசு வழக்கறிஞர் முன்னால் குற்றவாளியாக நிற்க வேண்டும்.

பேட்டையில் இருந்த பொது மருத்துவமனைக்கு ரிசோ ஒரு புரோகிராம் விற்றிருந்தார். நோயாளியின் பிறந்த வருஷத்தைக் கொடுத்தால் அது வயதைக் கணக்கிட்டு, எந்த டாக்டரிடம் போகவேண்டும் என்று செய்தி அனுப்பும். முதல் நாளே அது ஊரில் இருந்த அத்தனை பேரையும் குழந்தை டாக்டரிடம் அனுப்பியது. 'தாய் அல்லது தந்தையுடன் வரவும்' என்று குறிப்பு வேறு. எண்பத்திரண்டு வயது அன்செல்மோ ஐயாவுக்கு அன்றைக்கு டயாலிசிஸ் முறை. மனிதர் செய்தியை நம்பிக் குழந்தைகள் பிரிவில் பொம்மைகளுக்கு நடுவே மதியம் வரை காத்திருந்து அங்கேயே சரிந்து விழுந்தார். இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்கவில்லை. புரோகிராமின் முதல் வரியில் 'எழுதியவர்: மிர்த்தா சோசா' என்று இருந்தது.

"அந்த ரிசோவோட நல்ல புரோகிராமை அழிச்சுட்டு நான் என்னோட குப்பையை வெச்சுட்டேனாம். போலீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்கான்" என்றாள் மிர்த்தா. அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "மேடம், என் புரோகிராம் ஒண்ணாவது ஓடியிருந்தாத்தானே அதை வெச்சு ஒருத்தரைச் சாகடிக்க முடியும்? என்னோடது வாசலைத் தாண்டினதே இல்லை."

"நல்ல தற்காப்பு வாதம்" என்றான் மில்டன், டோர்ட்டாவைப் பிய்த்தபடி. "நானும் அதே வகுப்புதான். சாட்சி சொல்றேன்."

"யோவ், வாயை மூடிட்டு இதைப் பாரு." புகாரோடு இணைத்த புரோகிராமின் நகலை சுல்மா அவன் முன்னால் தள்ளினாள். துப்பறிய வருவதற்கு முன்னால் அவள் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவளாக இருந்தவள். எழுத்துப் பிழையைக் கண்டால் இப்போதும் அவள் மூக்கு சுருங்கும். இப்போது சுருங்கியிருந்தது. "எனக்குப் புரோகிராம் புரியாது. எழுத்து புரியும். வருஷம்ங்கற வார்த்தையை இதுல எப்படி எழுதியிருக்கான்?"

மில்டன் பார்த்தான். வாயில் இருந்த டோர்ட்டா நின்றது.

"அனோ."

மிர்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்கள் பாஷையில் வருஷத்துக்கு 'அன்யோ'. நடு எழுத்தின் தலையில் ஒரு குட்டி அலை உண்டு. அலையை எடுத்துவிட்டால் அது 'அனோ'. மனிதன் உட்காரும் இடத்தின் வாசல் என்று பொருள் மாறிவிடும்.

"வகுப்புல நாங்க 'அனியோ'ன்னு அடிப்போம் தலைவி" என்றான் மில்டன். "அலை வெச்ச எழுத்து சில மிஷினுக்கு ஆகாதாம். சும்மா விட்டா அர்த்தம் நாறிடும். அதனால நடுவுல ஒரு 'இ'யைச் சொருகிடுவோம். நாடு பூரா அதான் வழக்கம்."

"நான்கூட அப்படித்தான் மேடம் அடிப்பேன்" என்றாள் மிர்த்தா. "மத்த எல்லாத்தையும் தப்பா அடிச்சாலும் அதைத் தப்பா அடிக்க மாட்டேன். மானம் இருக்குல்ல?"

"இதுல பக்கம் பூரா 'அனோ'. கூச்சமே இல்லை." சுல்மா மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்தாள். "நம்ம பாஷையில பொறந்து வளர்ந்தவங்க கை இதை அடிக்காது. 'அனோ'ன்னா வெறும் வருஷம்னு மட்டும் அர்த்தம் இருக்கற நாடு எது மில்டன்?"

பதில் மில்டனுக்கு உடனே தெரிந்தது. சொல்லத்தான் பிடிக்கவில்லை. காலையில் யாருமே உதவாத வகுப்பில் ஒரு மேற்கோள் குறியை மூடச் சொல்லிக்கொடுத்த ஒரே ஜீவன் அவள்.

"பிரேசில்" என்றான்.

ஜுசாராவின் கடையில் ஒரு வாடிக்கையாளர் தலையில் வெப்பக் கவசத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மில்டன் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தான். சுல்மா அந்தத் தாளை நேராகக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுக் கேட்டாள்.

"இது உன் கைதானே?"

ஜுசாரா படித்தாள். கழுத்து வரை சிவந்தாள்.

"அண்ணே, நீங்க போலீஸா?"

"போலீஸ்னா இத்தனை நாள் எரர் வாங்கிட்டு உக்காந்திருப்பேனாம்மா? இவங்க துப்பறியறவங்க. நான் இவங்ககிட்ட திட்டு வாங்கறவன்."

"எழுதினது நான்தான். ஆனா அந்த வார்த்தையை நான் அடிச்சது ஒரே ஒரு பாடத்துல, சேர்ந்த முதல் வாரத்துல. பிறந்த வருஷத்தைக் கேட்டு வயசைக் கணக்குப் போட்டு, எந்த டாக்டர்கிட்ட போகணும்னு சொல்ற வீட்டுப்பாடம். எங்க ஊர்ல வருஷத்துக்கு அதானே வார்த்தை? அந்த ரிசோ அதைப் பெரிய திரையில போட்டு, 'பாருங்க, இந்தம்மா உங்க எல்லாரோட பின்புறத்தையும் கணக்கெடுக்கறாங்க'ன்னான். சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆச்சு. அப்புறமும் நான் அதை அடிப்பேனா? புத்தாண்டு வாழ்த்துகூட இப்போ படமாத்தான் அனுப்பறேன்."

செல்போனில் இருந்த தன் மற்றப் பாடங்களைக் காட்டினாள். எல்லாவற்றிலும் 'அனியோ'. ஓர் 'அனோ' இல்லை.

மில்டன் மூச்சு விட்டான். சுல்மா விடவில்லை.

"அந்த வீட்டுப்பாடம் யார்கிட்ட இருக்கு?"

"அவன்கிட்டதான். பென் டிரைவ்ல குடுத்தேன், திருப்பியே தரல. மிர்த்தாக்கா அப்போ சேரக்கூட இல்லை. பன்னெண்டுக்குப் பன்னெண்டு மார்க் போட்டான். அதுதான் கூத்து." ஜுசாரா கத்தரியை எடுத்து வைத்தாள். "வார்த்தைக்குச் சிரிச்சான், கணக்கைப் பார்க்கல. அந்தப் புரோகிராமே தப்பு மேடம். இந்த வருஷத்துலேர்ந்து பிறந்த வருஷத்தைக் கழிக்கணும். நான் மாத்திப் போட்டுட்டேன். என் மாமியாருக்குப் போட்டுப் பார்த்தா மைனஸ் எழுபத்தொண்ணு வயசு வந்துச்சு. அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். நான்தான் அப்புறம் உக்காந்து என் பிரதியில சரி பண்ணேன். அவன்கிட்ட இருக்கறது பழசுதான்."

"சிவப்பு எழுத்து வரலையா?" என்றான் மில்டன்.

"எப்படி வரும்? மிஷின் சொன்ன கணக்கை ஒழுங்காத்தான் போட்டுச்சு. கத்தற எரர் நல்ல எரர் அண்ணே. கத்தாம உக்காந்திருக்கறதுதான் ஆளைக் கொல்லும்..."

கண்ணாடியில் அவள் முகம் வெளுத்தது.

"பன்னெண்டு வயசுக்குக் கீழேன்னா குழந்தை. மைனஸ் எண்பத்திரண்டு பன்னெண்டுக்குக் கீழேதானே?" என்றாள் மெதுவாக. "அந்தப் பெரியவர்... நான் பண்ண தப்பா?"

"நீ வீட்டுப்பாடத்துல தப்பு பண்ணே. கத்துக்கறவங்க பண்றதுதான்" என்றாள் சுல்மா. "அதைத் திருடி மருத்துவமனைக்கு வித்தவன் வேற. விபத்துக்கு அப்புறம் 'சரி பண்றேன்'னு அங்க போய்த் தனியா அரை மணி நேரம் உக்காந்திருக்கான். மேல ஒரு பேரை அடிக்க மட்டும் தெரிஞ்சிருக்கு."

"அப்போ புரொஃபசருக்குப் புரோகிராம் வாசிக்கவே தெரியாதா?" மில்டன் கேட்டான். "நான் கட்டின ஃபீஸ், தலைவி!"

"நான் கட்டின ஃபீஸ்" என்று திருத்தினாள் சுல்மா. "ஆனா இது பத்தாது. ஜுசாராகிட்டேர்ந்து மிர்த்தா திருடிட்டான்னு சொல்லித் தப்பிச்சுடுவான். அவன் வாயாலயே வரணும். அந்தாளுக்குப் பசி எதுல அதிகம் மில்டன்? சாப்பாட்டுலயா?"

"புகழ்ல. பாராட்டினா அவன் தன் பொணத்துக்கே கையெழுத்துப் போடுவான்."

மாலை வகுப்பு ஆரம்பித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு கதவு திறந்தது. சாம்பல் நிறக் கோட்டும் கையில் தடித்த கோப்புமாக சுல்மா உள்ளே வந்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக வகுப்பை ஒரு பார்வை பார்த்தாள். அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே உரிய பார்வை அது. மில்டன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான், சிரிப்பை மறைக்க.

"மருத்துவமனைப் புரோகிராம் விஷயமா வந்திருக்கேன். இங்க மிர்த்தா சோசாங்கறது யாரு?"

ரிசோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தப் பெண்ணை வெளியேத்திட்டோம் மேடம். நாளைக்கு விசாரணை. எங்க அகாடமிக்கும் அவளுக்கும்..."

"விசாரணையைப் பத்தி எனக்குத் தெரியாது. கோளாறு புரோகிராம்ல இல்லை, மருத்துவமனை மிஷின்லதான்னு ஒரு பேச்சு. இத்தனை எளிமையா, இத்தனை சின்னதா யாரும் எழுதினதில்லைன்னும் பேச்சு. நாடு முழுக்க இதையே வெச்சுடலாம்னு ஒரு யோசனை இருக்கு. பாராட்டு விழா, ஒப்பந்தம்... எழுதினவங்க கையெழுத்து வேணும். மேல மிர்த்தா சோசான்னு போட்டிருக்கு. அவங்க வீடு எங்க?"

ரிசோவின் முகத்தில் ஒரு பெரிய கணக்கு ஓடியது. விடை சீக்கிரமே வந்துவிட்டது.

"மேடம்," என்றார், குரலில் வெண்ணெய் தடவி. "மிர்த்தாவா? அவ தன் பேரை அடிச்சாலே எரர் வரும். அவ மீன் வெட்டறவ. அதை எழுதினது நான்."

"நீங்களா? முழுசும்?"

"ஒவ்வொரு எழுத்தும். பல நாள் தூக்கமில்லாம."

"அப்போ அவங்க பேர் எப்படி வந்துது?"

"நான்தான் போட்டேன். மாணவர்களை ஊக்குவிக்கறது என் பழக்கம்."

சுல்மா கோப்பை மூடினாள். உள்ளே இருந்தது பழைய செய்தித்தாள். "எல்லாரும் கேட்டீங்களா?" என்றாள் வகுப்பைப் பார்த்து. "பேரைப் போட்டது இவர்தானாம். போலீஸ்ல வேற மாதிரி சொல்லியிருக்கார்."

"நீங்க... எந்த இலாகா?"

"நான் இலாகா எதுவும் சொல்லவே இல்லையே. யோசனை இருக்குன்னேன். யோசனை இவரோடது." மில்டனைக் காட்டினாள். மில்டன் எழுந்து குனிந்து வணங்கினான்.

"மதியம் டோர்ட்டா சாப்பிடும்போது தோணிச்சு சார்."

சுல்மா சுண்ணாம்புக்கட்டியை எடுத்து அந்த ஒரு வார்த்தையைக் கரும்பலகையில் எழுதினாள். முன் வரிசையில் யாரோ கனைத்தார்கள். "உங்க புரோகிராம்ல பக்கம் பூரா இந்த வார்த்தைதான் ஐயா. ஒவ்வொரு எழுத்தும் உங்களோடதுன்னீங்க. இந்த வார்த்தைக்கு ஒரு அம்மாவை இதே அறையில சிரிச்சுச் சாகடிச்சீங்களாமே?"

வகுப்புக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு சிரிப்பு வெடித்தது. கட்டணம் கட்டியவர்கள் அன்றுதான் காசுக்குத் தகுந்த சிரிப்பைச் சிரித்தார்கள். ரிசோ மட்டும் சிரிக்கவில்லை.

ஜுசாரா எழுந்தாள். அந்தப் புரோகிராமைப் பெரிய திரையில் போட்டாள்.

"புரொஃபசர், நாலாவது வரியில ஒரு கழித்தல் இருக்கு. அதுல என்ன தப்பு? சொல்லுங்க. நீங்கதானே எழுதினீங்க?"

ரிசோ திரையில் தெரிந்த நாலாவது வரியைப் பார்த்தார். சீன எழுத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது... மெமரி சம்பந்தப்பட்டது. உனக்குச் சொன்னாப் புரியாது."

"சொல்லிப் பாருங்க" என்றான் மில்டன். "மூளை இல்லாதவன் நானே கேட்கறேன்."

ரிசோ பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு நடந்தார். கதவில் மிர்த்தா நின்றிருந்தாள். மீன் வெட்டுகிற கைகளைக் குறுக்கே கட்டியிருந்தாள். அவர் மூன்று அடி முன்னாலேயே நின்றுவிட்டார்.

"இதுக்குப் போய் என்ன ஆர்ப்பாட்டம்!" என்று கத்தினார். "ஒரு கிழவன் விழுந்துட்டான், அவ்ளோதானே? மத்த ஊர்க்காரன் எவனும் வாயைத் திறக்கல!"

சிரிப்பு நின்றது.

"மத்த ஊரா?" சுல்மாவின் குரல் தாழ்ந்தது. "எத்தனை ஊருக்கு வித்தே?"

ரிசோ தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல விழித்தார். "நாளைக் காலையிலதான் ஆரம்பிக்கறாங்க" என்றார். "சால்ட்டோவுல ஒண்ணு. மேலோவுல ஒண்ணு. அப்புறம் இன்னும் ரெண்டு."

"அதே புரோகிராமா? அன்செல்மோ ஐயா விழுந்தப்புறம்கூட மாத்தலையா?"

எதை மாற்றுவது என்று தெரிந்தால்தானே மாற்றுவதற்கு!

சுல்மா அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பேசினாள். அங்கிருந்து ஆள் வருகிறவரை ரிசோ மாணவர் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. ஜுசாரா கரும்பலகையில் சரியான வரியை எழுதினாள். ஊருக்கு ஒருவராகச் செல்போனை எடுத்துக்கொண்டு மருத்துவமனைகளை அழைத்தார்கள். சில இடங்களில் வேறு யாருக்கோ மாற்றினார்கள். ஓர் இடத்தில் ஃபோனை வைத்தே விட்டார்கள்; மில்டன் திரும்பக் கூப்பிட்டு, பஸ்ஸில் கற்ற அத்தனை வார்த்தைகளையும் உபயோகித்து ஒரு பொறுப்பான ஆளை வரவழைத்தான்.

நடுவில் மிர்த்தாவுக்கு அன்செல்மோ ஐயாவின் மகளிடமிருந்து செய்தி வந்தது. மனிதர் கண் திறந்துவிட்டாராம். முதலில் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாதாம்.

"பொழைச்சுடுவார்" என்றாள் சுல்மா. "சாகப் போறவங்க அவ்ளோ தெளிவாத் திட்ட மாட்டாங்க."

மேலோ மருத்துவமனையை ஃபோனில் பிடித்தது மிர்த்தாதான். மறுமுனையில் இருந்த குமாஸ்தாப் பெண் பயந்து போயிருந்தாள். பலகையில் இருந்ததை மிர்த்தா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவள் அங்கே அடித்தாள். திடீரென்று ஃபோனில் ஒரு சின்ன அலறல். மில்டனுக்கே கேட்டது.

மிர்த்தா நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிவப்பா வந்துடுச்சா? வரட்டும்மா, ஒண்ணும் ஆகாது. அது உன்னைத் திட்டலை. எந்த வரின்னுதான் சொல்லுது. மெதுவா, முதல்லேர்ந்து எனக்கு வாசிச்சுக் காட்டு."